தட்டு தெரியும் ஆழம்

நவம்பர் 9, சனி

என் பெயர் தொம்மை. இதை நான் எழுதினேன். வேறு யாரும் எழுதித் தரவில்லை.

மேலே உள்ள வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. ஆறின டீயும் டீதான்.

முதியோர் வகுப்பு நடத்தும் இன்பராணி டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். "எழுத்து கையில நிக்கணும்னா தெனமும் எழுதணும் தாத்தா. அன்னன்னைக்கு என்ன நடந்துச்சோ அத எழுதுங்க" என்றார். என்ன நடந்தது? காலையில் எழுந்தேன். இட்லி தின்றேன். வெள்ளைக் கோழி கூண்டுக்குள் போக மாட்டேன் என்றது. இதையெல்லாமா எழுதுவது என்று கேட்டேன். இதைத்தான் என்றார்.

வெள்ளைக் கோழி பிறகு போய்விட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

கோயிலில் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் நீல எழுத்தில் ஒரு வரி உண்டு. வேத வசனம் என்று நினைத்து இத்தனை வருடமாக அதைப் பார்த்துச் சிலுவை போட்டு வந்தேன். இன்று பூசை முடிந்ததும் சுவருக்குக் கிட்டே போய் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மின்விசிறியை அணைக்கவும்."

சலேத்தாளிடம் சொல்லவில்லை. அவள் இன்றும் சிலுவை போட்டாள். சலேத்தாள் என் மனைவி.

கிட்டே போய் நின்றதற்குக் காரணம் பெயின்ட் மங்கிப்போனது. நன்றாக அடிக்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 11, திங்கள்

என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊர் குருசுமுனை. ஆண்கள் மீனுக்குப் போவார்கள். பெண்கள் பாசிக்குப் போவார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கடலடிப் பாறைத் திட்டான பாரில் மூழ்கிப் பாசி பறித்து வலைப்பையில் போட்டு வருவார்கள். சலேத்தாளும் போகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் வீட்டுல இருந்தா உமக்குத்தான் கஷ்டம்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது சரிதான்.

போன வருடம் கலங்கல் தண்ணீரில் ரோஸ்லின் இறங்கினாள். அடியில் திருக்கை படுத்திருந்தது தெரியவில்லை. மிதித்துவிட்டாள். முள் காலுக்குள் போய், ஆறு மாதம் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தட்டு வந்தது.

கடல் ஆராய்ச்சிக்கு வரும் முகிலன் தம்பி கொடுத்தது. இரும்புத் தட்டு, வெள்ளைப் பெயின்ட், நடுவில் கயிறு. கயிற்றில் ஆள் உயரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. காலையில் கடலுக்குள் நீளும் படகுப் பாலத்து நுனியில் நின்று தட்டைக் கடலில் இறக்க வேண்டும். சிவப்புத் துணி தண்ணீரைத் தொடும்போதும் கீழே தட்டு தெரிந்தால் தண்ணீர் தெளிவு. தெரியாவிட்டால் கலங்கல். அதை ஏலக்கூடத்துப் பலகையில் எழுத வேண்டும். பலகையில் 'போகலாம்' என்று இருந்தால்தான் பெண்கள் போவார்கள். சங்கத்தில் பேசி முடித்தது அது.

எழுத ஆள் தேடியபோது நான் கையைத் தூக்கினேன். அன்றைக்கு எனக்கு 'போகலாம்' என்ற ஒரு சொல்தான் எழுதத் தெரியும். அதையும் டீச்சரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

இன்று போகலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

வகுப்பில் பாடப் புத்தகம் படித்தோம். என் முறை வந்தது. "அம்மா சேறு சமைத்தாள். அனைவரும் சேறு உண்டனர்" என்று சத்தமாகப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

"தாத்தா, கால விட்டுட்டீங்க. சேவுக்குப் பின்னாடி ஒரு கால் நிக்குது பாருங்க. சோறு" என்றார் டீச்சர்.

பார்த்தேன். புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த பிறகு கால் வந்தது. என்ன எழுத்து பாருங்கள். ஒரு கால் போனால் சோறு சேறாகிவிடுகிறது.

சலேத்தாளின் தங்கை பாக்கியமும் வகுப்புக்கு வருகிறாள். வழியெல்லாம் "அத்தான், இன்னைக்கு ராத்திரி அக்கா என்ன ஆக்குது? சேறா, சகதியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்.

நவம்பர் 13, புதன்

புயல் வருகிறதாம். படகுகளைக் கரை ஏற்றிவிட்டார்கள். தட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சலேத்தாள் அதைப் பார்த்து, "சோத்துத் தட்டுக்குப் பஞ்சம்னா சொல்ல வேண்டியதுதான" என்றாள்.

நோட்டையும் பேனாவையும் பாலித்தீன் பையில் சுற்றி வைத்தேன். ரேஷன் அட்டையை அவள் சுற்றி வைத்தாள்.

நவம்பர் 14, வியாழன்

பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். காற்று.

நவம்பர் 15, வெள்ளி

இன்னும் காற்று. கோழிகள் எங்களோடுதான் இருக்கின்றன.

நவம்பர் 16, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஓடு கொஞ்சம் போயிருக்கிறது. வீடு இருக்கிறது. ஊரில் யாருக்கும் ஒன்றும் இல்லை. கடவுளுக்கு நன்றி.

கடலைப் பார்க்கப் போனேன். கடலா அது? டீக்கடைப் பாய்லரைக் கவிழ்த்துவிட்டது போல இருந்தது. கரை முழுக்கச் சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகிறது. செருப்பில் ஒன்று உள்ளேயே இருந்துவிட்டது.

பாலத்து நுனி தப்பியிருக்கிறது. தட்டை இறக்கினேன். தண்ணீரைத் தொட்டதும் காணாமல் போனது. பலகையில் 'போகாதீர்கள்' என்று எழுதினேன். நீளமான சொல். இதுவரை கலங்கல் என்றால் பலகையை வெறுமையாக விட்டுவிடுவேன், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை என்று டீச்சர் சொன்னார்.

நவம்பர் 17, ஞாயிறு

முகிலன் தம்பி வந்திருந்தார். வெகு நாளாக எனக்கு ஒரு கேள்வி. காற்று மேலேதானே அடிக்கிறது. அடியில் கிடக்கிற சேற்றை அது எப்படிக் கிளப்புகிறது? கேட்டேன்.

"அலை முன்னால வர்ற மாதிரிதான தெரியும் தாத்தா? ஆனா உள்ள தண்ணி வட்டம் வட்டமா சுத்துது. சின்னக் காத்துன்னா வட்டம் சின்னது, மேலயே முடிஞ்சிரும். புயல் அலைன்னா வட்டம் பெருசு. நம்ம கடல் ஆழம் கம்மி. அந்த வட்டம் தரை வரைக்கும் எறங்கி அடிய சொரண்டிரும்."

"சோத்துப் பானையில அகப்பைய விட்டுக் கிண்டுன மாதிரி" என்றேன்.

"அதேதான். மணல் கனம், உடனே உக்காந்துரும். சேறு மாவு மாதிரி. லேசுல உக்காராது. அதுக்குள்ள நீரோட்டம் அதத் தூக்கிட்டு வேற எடத்துக்கும் போயிரும்."

வீட்டில் செய்து பார்க்கச் சொன்னார். ஒரு ஜூஸ் பாட்டிலில் கடல் தண்ணீர், கொஞ்சம் மணல், கொஞ்சம் சேறு. மூடிக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். மணல் சடசடவென்று இறங்கிவிட்டது. சேறு அப்படியே நின்றது. புயல் என் ஜன்னலில் இருக்கிறது. சாப்பிடும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் முள் ஒன்று தொண்டையில் மாட்டிக்கொண்டது.

"முள்ளப் பாத்துத் திங்கக்கூடத் தெரியாதா?" என்றாள் சலேத்தாள். வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்தாள். விழுங்கியதும் முள் இறங்கிவிட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

போகாதீர்கள். தட்டு முழங்கை அளவுக்குத் தெரிகிறது.

இரவு விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கலர் தெரிகிறது. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 22, வெள்ளி

போகாதீர்கள்.

பெண்கள் ஏலக்கூடத்தில் கூடி நின்றார்கள். "மேல பாத்தா நல்லாத்தான இருக்கு அத்தான்" என்றாள் பாக்கியம். மேலே பார்த்தால் எல்லாக் கடலும் நன்றாகத்தான் இருக்கும். திருக்கை மேலேயா படுத்திருக்கிறது? ரோஸ்லினின் காலை எல்லோரும் மறந்துவிட்டார்களா? அப்படியே சொன்னேன். ரோஸ்லின் அங்கேயே இருந்தாள். "என் காலு நல்லாருக்கு பெரியப்பா" என்றாள்.

யார் என்ன சொன்னாலும் தட்டு சொல்வதைத்தான் நான் எழுதுவேன்.

டீச்சர் கேட்டார், எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகப் போகிறது, பக்கத்துக்கு நாலு வரிதான் வருகிறதே என்று. பேனா முனை தடித்துவிட்டது என்றேன். புதுப் பேனா கொடுத்தார். அதுவும் தடித்ததாகவே இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று வீட்டில் ஒரு திருட்டைப் பிடித்தேன்.

ஜன்னல் பாட்டில் கலங்கியிருக்கிறது. காற்று இல்லை, அலை இல்லை, மூடி போட்ட பாட்டில். இத்தனை நாளில் தெளிந்திருக்க வேண்டும். யாரோ குலுக்கியிருக்கிறார்கள். பூனை குலுக்குமா? குலுக்காது.

சலேத்தாளிடம் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ஆமா, நாந்தான் குலுக்குனேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வயதில் என்ன விளையாட்டு. இனிமேல் தொடாதே, இது ஆராய்ச்சி என்று சொன்னேன். "தொடல, தொடல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். புடைக்காத அரிசி முறத்திலேயே இருந்தது.

நவம்பர் 25, திங்கள்

போகாதீர்கள்.

இன்று மீனில் முள்ளே இல்லை. நல்ல மீன். அவள் அதை எனக்கு முன்னாலேயே வெகு நேரம் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நவம்பர் 26, செவ்வாய்

போகாதீர்கள் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்னால் பாக்கியம் நின்றாள். பெண்கள் எல்லோரும் கண்ணாடியும் வலைப்பையுமாக நின்றார்கள். சலேத்தாளும் நின்றாள். அவள் கையில் பை இல்லை.

"அத்தான், கோவிச்சுக்காதீரும். வாரும், இன்னொரு தடவ பாப்போம்" என்றாள் பாக்கியம்.

பாலத்து நுனிக்குப் போனோம். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கயிற்றை என்னிடம் கொடுக்கவில்லை, அவளே பிடித்தாள். என்னையும் சலேத்தாளையும் தண்ணீர் தொடும் படி வரைக்கும் இறங்கச் சொன்னாள். தட்டை விட்டாள்.

"தெரியுதா?"

"தெரியல. மூழ்கிட்டுது. நான் சொன்னேன்ல?"

"நல்லாப் பாரும்."

"இவ்ளோ ஆழத்துல எப்படித் தெரியும்? கலங்கல்."

யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம் எதற்கும் சிரிக்கிறவள். அவள்கூடச் சிரிக்கவில்லை. "கைய விடும்" என்றாள் மெதுவாக.

விட்டேன். மணிக்கட்டு நனைவதற்குள் விரல் தட்டில் முட்டியது.

இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

நவம்பர் 27, புதன்

பலகையில் பாக்கியம் எழுதியிருக்கிறாள், 'போகலாம்'. அவள் கையெழுத்து வண்டு ஊர்ந்தது மாதிரி இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். மிகவும் கிட்டே.

எல்லோரும் பாசிக்குப் போனார்கள். சலேத்தாள் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து வலைப்பை தைத்தாள். கிழியாத பையை.

நவம்பர் 28, வியாழன்

அவள் இன்றும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"நீரு இன்னும் சொல்லலயே."

"பாக்கியம்தான் எழுதிட்டாளே."

"அவ எழுதுனா அவ போவட்டும். நீரு தட்டப் பாத்து 'போ'ன்னு சொன்னாத்தான் நான் தண்ணில எறங்குவேன். உமக்குத் தெரியலன்னா நான் எறங்க மாட்டேன். அம்புட்டுதான்."

தூத்துக்குடியிலிருந்து கண் ஆஸ்பத்திரி வண்டி சனிக்கிழமை வருகிறதாம். டீச்சர் ஏற்கெனவே என் பெயரைக் கொடுத்திருக்கிறார். கொடுக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். டீச்சர் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

எனக்குப் போக விருப்பமில்லை. காரணத்தை எழுதுகிறேன். இப்போது தாளை மூக்குக்கு முன்னால் பிடித்தால் எழுத்து தெரிகிறது. கலங்கலாகத்தான், ஆனால் தெரிகிறது. கத்தி வைத்தபின் அதுவும் போய்விட்டால்? எழுபத்திரண்டு வருடம் எழுத்து இல்லாமல் இருந்தேன். அப்போது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது போனால் தெரியும்.

சலேத்தாள் இன்றும் வீட்டில்தான் இருக்கிறாள். கண்ணாடி, வலைப்பை, விரல் துணி எல்லாம் ஆணியில் தொங்குகின்றன. அவள் வீட்டில் இருந்தால் எனக்குத்தான் கஷ்டம்.

போகிறேன்.

நவம்பர் 30, சனி

வண்டியில் நாங்கள் பதினோரு கிழங்கள். சோதனை செய்த டாக்டரம்மா சின்னப் பெண். "தாத்தா, கண்ணுக்குள்ள லென்ஸ் கலங்கிப் போயிருக்கு. ரெண்டு கண்ணுலயும். வலது ரொம்ப முத்திருக்கு" என்றார்.

"தெளியுமா?"

"தானாத் தெளியாது. எடுத்துட்டு வேற வெக்கணும்."

கடலும் பாட்டிலும் பொறுத்திருந்தால் தெளியும். இது தெளியாது. அதைத் தெரிந்துகொண்டேன்.

எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை கேட்பாரா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

இது நான் சொல்ல, பாக்கியம் எழுதுவது. அத்தானுக்கு வலது கண்ணில் ஆபரேசன் முடிந்தது. கட்டுப் போட்டிருக்கிறது. அத்தான் அழவில்லை என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். ஆனால் அழுதார்.

டிசம்பர் 4, புதன்

கட்டுப் பிரித்தார்கள்.

முதலில் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு சுவரில் ஒரு போர்டு. அதில் ஒரு வரி. தூரத்திலிருந்தே படித்தேன். "அமைதி காக்கவும்." நான் காக்கவில்லை. சத்தமாகப் படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். நர்ஸ் வந்து திட்டினார். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் படித்தேன். ஸ்டெல்லா.

பக்கத்தில் சலேத்தாள் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏளா, எப்ப உனக்கு மொகத்துல இவ்ளோ கோடு?"

"எல்லாம் நீரு போட்ட கோடுதான். எழுதத் தெரியாத காலத்துலயே போட்டது."

டிசம்பர் 6, வெள்ளி

கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். தண்ணீர் படக் கூடாது, தூசி படக் கூடாது, குனியக் கூடாது. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. எத்தனை கால்களை விட்டிருக்கிறேன்! எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து கால் போட்டேன். மத்தியானம் முழுவதும் அதே வேலை.

பிறகு ஜன்னல் பாட்டிலைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. அடியில் மணல், மணலுக்கு மேல் சேறு, அதற்கும் மேல் திருநீறு தூவியது மாதிரி மெல்லிய ஒரு பூச்சு. பாட்டில் மூடியிலிருந்து ஜன்னல் கம்பிக்குச் சிலந்தி வலை கட்டியிருந்தது. பழைய வலை, தூசி பிடித்தது. அதில் ஒரு காய்ந்த கொசு. அந்தப் பாட்டிலை யாரும் தொட்டிருக்கவே முடியாது.

சலேத்தாள் முற்றத்தில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

இன்று என்னைப் பாலத்துக்குப் போகவிட்டார்கள். குனியக் கூடாது என்பதால் பாக்கியம் கயிற்றை இறக்கினாள். நான் நிமிர்ந்து நின்று பார்த்தேன். சிவப்புத் துணி தண்ணீரைத் தொட்டது. கீழே தட்டு, பௌர்ணமி நிலா மாதிரி. தட்டு ஓரத்தில் பெயின்ட் உரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. அதன் மேல் ஒரு குட்டி மீன் போனது. கோடு போட்ட மீன்.

"தெரியுதா அத்தான்?"

"தெரியுது. கோடு போட்ட மீன் ஒண்ணு போவுது."

"அத யாரு கேட்டா?"

சலேத்தாள் பின்னால் பையோடு நின்றாள். காத்துக்கொண்டிருந்தாள்.

"போ" என்றேன்.

போனாள். தண்ணீருக்குள் அவள் இறங்குவதை, மூழ்குவதை, உள்ளே அவள் கால் அசைவதை, எல்லாம் பார்த்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

மறுபடியும் காற்றழுத்தமாம். நேற்று இரவிலிருந்து நல்ல காற்று. புயல் இல்லை.

காலையில் பாலத்துக்குப் போனோம். தட்டு இறங்கியது. சிவப்புத் துணி இன்னும் மேலே ஆடிக்கொண்டிருக்கும்போதே மங்க ஆரம்பித்து, பழுப்பாகி, மறைந்தது. சேறு அடியிலிருந்து எழும்பிச் சுருள் சுருளாக வருவதைப் பார்த்தேன். அலை வரும்போது தூக்குகிறது. போகும்போது கொஞ்சம் விடுகிறது. முகிலன் தம்பி சொன்ன வட்டம் இதுதான். என்ன அழகான கலங்கல்! இவ்வளவு தெளிவாகக் கலங்கலை நான் பார்த்ததே இல்லை.

பலகையில் 'போகாதீர்கள்' என்று எழுதினேன். சின்ன எழுத்தில், நேர் வரியில்.

"அத்தான், கலங்கல் கடல்லயா, கண்ணுலயா?" என்றாள் பாக்கியம்.

"கடல்லதான்டி. வேணும்னா நீயே போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பொங்கல் கழிந்து இடது கண். அதுவரைக்கும் இந்தக் கண் போதும்.

சலேத்தாள் கூப்பிடுகிறாள். கடலில் சேறு. வீட்டில் சோறு ஆறுகிறதாம். மேலே இரண்டு சொல்லையும் சரிபார்த்துவிட்டேன். கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.